பதினாறு மைக், பதினோரு பாட்டு

கர்மூஸ் பேட்டையில் எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் ஃபிக்ரி ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். பதினெட்டு வருடத்தில் பதினாறு மைக் வாங்கினார். தொடங்கி முடித்த பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. இதை முகத்துக்கு நேரே சொன்னாலும் அவருக்கு ரோஷம் வராது. பதினேழாவது மைக்கில் அந்தக் குறை தீர்ந்துவிடும் என்று நமக்கே ஆறுதல் சொல்வார்.

அலெக்சாந்திரியாவில் தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. வெளியிலும் உண்டு. பெண்பிள்ளையாக எட்டு வருடம் கப்பல்களில் ஒலிபெருக்கி வேலை பார்த்தபோது பல துறைமுகங்களில் இந்த இனத்தைப் பார்த்திருக்கிறேன். ஃபிக்ரிக்கு இணையான ஒருவரை எங்கும் பார்க்கவில்லை என்பதை ஊர்ப்பெருமையாகவே சொல்கிறேன்.

அவருக்கு உத்தியோகம் மின்சார மீட்டர் கணக்கெடுப்பு. டார்ச்சும் நோட்டுமாக வீடு வீடாக ஏறி இறங்குவார். "மின்சாரம் என் ரத்தத்துலயே ஓடுது" என்பார். அப்படிப்பட்டவருடைய ஸ்டூடியோவுக்கு எர்த் இணைப்பு இல்லை. எதைப் பதிவு செய்தாலும் அடியில் ஈ மொய்க்கிற மாதிரி ஓர் இரைச்சல் ஓடும். அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், பாடுகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னல் கம்பியில் கட்டிய ஒயரை ஒரு கையால் பிடித்துக்கொள்வது. பெருநாளைக்கு வாங்கிக் கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்றுகொண்டு காதல் பாட்டுப் பாட யாரால் முடியும்? பாட வந்தவர்கள் ஒரு தடவை வந்தார்கள். மறுதடவை வரவில்லை.

ஸ்டூடியோ அதற்கு முன்பு புறாக்கூண்டாக இருந்தது. புறாக்களை விற்றுவிட்டார். நாற்றத்தை வாங்க ஆள் வரவில்லை. நான்கு சுவரிலும் முட்டை அட்டைகளை ஒட்டினார். கோழிக்கடையில் சும்மா தூக்கிக் கொடுத்த பழைய அட்டைகள், உடைந்த முட்டை காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தவை. "சத்தத்தை உறிஞ்சும்" என்றார். கீழே போகும் டிராமை அவை உறிஞ்சவில்லை. எதிர்வீட்டுத் தொலைக்காட்சியையும் உறிஞ்சவில்லை. கட்டடம் முழுவதிலிருந்தும் கரப்பான்பூச்சிகளை நன்றாக உறிஞ்சின.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். பித்தளைப் பூட்டே இரண்டு வருடத்தில் பச்சை பிடிக்கும், மைக் எந்த மூலைக்கு? ஈரத்தை இழுக்க மைக் பெட்டிகளுக்குள் பழைய காலுறையில் அரிசி கட்டி வைத்தார் ஃபிக்ரி. யோசனையில் பெரிய தப்பில்லை. மாதம் ஒருமுறை அரிசியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அவர் மாற்றவில்லை. ஏழாவது மைக்கை ஒரு நாள் எடுத்துப் பார்த்தபோது அரிசிப்பூச்சிகள் உள்ளே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. அவர் மனைவி ஸுஹைர் ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சர். பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "மைக்கையும் சேர்த்து வடிச்சிடுங்க. முலூக்கியாக் கீரைக் குழம்பு இருக்கு, ஊத்திச் சாப்பிடலாம்."

திருப்புளி பிடிக்கத் தெரிந்த எவனையும் எங்கள் பக்கத்தில் ஹந்தஸா என்று கூப்பிடுவார்கள். பொறியியலே நீதானப்பா என்கிற மாதிரி ஒரு கூப்பாடு, பாதி மரியாதை, பாதி நக்கல். ஃபிக்ரி மரியாதைப் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஏன் இத்தனை வாங்கினார் என்றால், வாங்குவது மட்டுமே அவருக்குத் தெரிந்த சங்கீதம். ஏதோ ஒரு நாட்டில் அலமாரி முன்னால் உட்கார்ந்து ஒரு பையன் பேசும் வீடியோவைப் பார்ப்பார். அந்தப் பையன், ஃபிக்ரியிடம் இருக்கும் அதே மைக்கைக் காட்டி, "இது புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், ஃபிக்ரிக்கு அன்று சாப்பாடு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை அத்தாரீன் பழைய சாமான் கடைகளுக்குப் போய், இருப்பதை விற்று, அடுத்ததைத் தூக்கி வருவார். பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் பஞ்சை முகர்ந்து, "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று பேசிப் பார்ப்பார். அதோடு காதல் தீர்ந்துவிடும். பதினெட்டு வருடத்தில் அவர் பதிவு செய்தது ஒன்றும் இரண்டும்தான். மூன்று வரைகூட எண்ணியதில்லை.

நான் கப்பல் வேலையை விட்டு மே மாதம் ஊருக்கு வந்தபோது, படிக்கட்டில் என் பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே கேட்டார்.

"மாய்சா, கப்பல்ல என்ன மைக் வச்சிருந்தீங்க?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வலை நசுங்கிய ஒரு கைப்பிடி மைக். ஐந்து வருடம் பல பேருடைய எச்சிலையும் வியர்வையையும் குடித்தது. இரண்டு முறை டெக்கில் விழுந்தது.

"த்சொ. மீன் ஏலத்துல கத்துறதுக்கு இது போதும்" என்றார். பரிதாபப்பட்டு என் தோளைத் தட்டினார்.

இப்படியே அவரைச் சிரித்துக் கடந்திருப்போம். அப்லா பத்ரியாவுக்குக் கழுத்தில் கட்டி வந்ததால் முடியாமல் போனது.

பத்ரியா தரைத்தளத்தில் குடியிருந்தாள். வயது ஐம்பத்து நாலு. தெருவே அவளை அப்லா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணிச் சடங்கில் பெண்கள் நடுவே உட்கார்ந்து, மடியில் தர்புகாவைப் போட்டுத் தட்டிக்கொண்டு பாடுவது அவள் தொழில். மாமியாரைத் திட்டும் பாட்டு, மாப்பிள்ளையின் முதல்நாள் திண்டாட்டத்தைச் சொல்லும் பாட்டு, இன்னும் இங்கே எழுத முடியாத சில. அந்த அறைக்குள் ஆண் வாடை வரக்கூடாது. அவள் பாட்டைப் பெண்கள் போனில் பிடித்ததுண்டு. எல்லாவற்றிலும் குலவைச் சத்தம்தான் கேட்கும், பாட்டு கேட்காது.

கட்டியை எடுத்தே ஆக வேண்டும், குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, குரல் மாறலாம், மாறாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "இது வைத்தியமா, சீட்டுக் குலுக்கலா?" என்று அவரிடமே கேட்டுவிட்டு வந்தாள். சனிக்கிழமை அறுவை. செவ்வாய்க்கிழமை மொட்டைமாடிக்கு ஏறி வந்து ஃபிக்ரியின் எதிரில் உட்கார்ந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"ஹந்தஸா, மூணு வருஷமா என் குரலைப் பிடிச்சுத் தரேன்னு சொல்லிக்கிட்டு இருக்க. இப்போ பிடி. பதினோரு பாட்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"உங்க குரலுக்கு ஏத்த மைக்குக்காகத்தான் அப்லா இத்தனை நாள் பொறுத்தேன். இப்போ வந்திருக்கு, பதினாறாவது. ஆனா எதுக்கு அவசரம்? உடம்பு தேறி வந்து பாடுங்களேன்."

"தேறி வந்து எதை வச்சுப் பாடுறது, உன் முட்டை அட்டையை வச்சா? கேளு. குரல் போச்சுன்னா நான் கொட்டு மட்டும் அடிப்பேன். பாட்டு ஸ்பீக்கர்ல வரும். என் குரல்தான், யாருக்கும் மறைக்கப் போறதில்ல. நான் வாயை மூடிட்டேன்னு தெரிஞ்சா மறுநாளே கப்பாரிப் பக்கம் பாடுறாளே, அந்தக் கப்பாரிக்காரி, நான் பாடுற வீடுகளுக்குள்ள பூந்துடுவா. அவ பாடுறதக் கேட்டிருக்கியா? பொண்ணு கல்யாணத்தையே வேண்டாம்னுடும்."

முப்பது வருடமாக அவள் சோறு அந்தத் தொண்டையில்தான் இருந்தது. பெரிய ஸ்டூடியோவில் விசாரித்தாள். ஆகஸ்டுக்கு முன் இடமில்லை, தவிர கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

"இங்க மட்டும் நான் இல்லையா?" என்றார் ஃபிக்ரி.

"உன்னை யாரு ஆம்பளைன்னு கணக்குல எடுத்தா?"

ஒயரைக் கையில் கொடுத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, முதல் பாட்டைத் தொடங்கினார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பத்ரியாவின் குரலுக்குப் பின்னால் வழக்கமான ஈ இரைச்சல் இருந்தது. அதற்கும் மேலே இன்னொன்று, சூடான எண்ணெயில் வெங்காயத்தை அள்ளிப் போட்ட மாதிரி படபடவென்று ஒரு பொரியல் சத்தம்.

ஃபிக்ரி கேட்டார். முகம் வெளுத்தது.

"கண் பட்டிருக்கு."

"யாரு கண்?"

"மூணாவது மாடி நீலக்கண்ணுக்காரி. வாங்கிட்டு வந்த அன்னிக்கே படியில பார்த்தா. மாஷா அல்லாஹ் சொல்லாம, 'பெட்டி பெருசா இருக்கே'ன்னா."

பத்ரியா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். ஃபிக்ரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்துக் கத்தினார். ஷேக் அதிய்யா மேலே வந்தார். அதிய்யா எங்கள் தெரு சாம்பிராணிக்காரர். காலையில் கடை கடையாகத் தூபக்கலசத்தை ஆட்டிக்கொண்டு போய், திருஷ்டி ஓட்டிவிட்டு, கிடைத்ததை வாங்கிக்கொள்பவர். ஐந்து மாடி ஏறிய மூச்சு வாங்க, மைக்கைச் சுற்றி மூன்று தடவை கலசத்தை ஆட்டினார். புகை வலைக்குள் போய் மறுபக்கம் வந்தது. நாங்கள் இருமினோம்.

மறுபடி பதிவு செய்தபோது பொரியல் இரண்டு மடங்காக இருந்தது.

"பார்த்தியா" என்றார் ஃபிக்ரி, கிட்டத்தட்டப் பெருமையாக. "எவ்வளவு பலமான கண்ணு."

செவ்வாய் இப்படிப் போனது. புதன் அதிய்யா காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வந்தார். இந்த இரண்டு நாளில் பத்ரியா மூன்று முறை மேலே ஏறி, மூன்று முறை கீழே இறங்கினாள். கழுத்துக் கட்டியோடு அத்தனை படி. பழைய மைக்குகளில் ஏதாவது ஒன்றைப் போடலாமே என்று கேட்டேன். ஃபிக்ரி அலமாரியைத் திறந்தார். பாதி விற்றுப்போயிருந்தது. சிலவற்றை இணைக்கும் பெட்டியை வேறு மைக் வாங்குவதற்காக விற்றிருந்தார். ஒன்று ஈரத்துக்குப் பயந்து மீன் வைக்கும் ஃப்ரீசருக்குள் ஒரு மாதம் இருந்தது, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. மீதியெல்லாம் வெங்காயம் வதக்கின.

வியாழன் காலை அவரைக் கேட்காமலே பதினாறாவது மைக்கின் வலையைக் கழற்றினேன். உள்ளே பொன் பூசிய ஒரு தாள் இருக்கும், வெங்காயத் தோலைவிட மெல்லியது. அது அதிர்ந்துதான் குரல் ஒயருக்குள் போகிறது. பொன் நிறத்தைக் காணோம். டீக்கடைக் கண்ணாடி மாதிரி பழுப்பேறி இருந்தது.

"ஹந்தஸா, இங்க வந்து மோந்து பாருங்க."

குனிந்து முகர்ந்தார். "சாம்பிராணி."

"எத்தனை நாளா போடுறீங்க?"

"இதுக்கு வாங்கின நாள்லேர்ந்து. தினமும். வெள்ளிக்கிழமை ரெண்டு தடவை."

"மத்ததுக்கு?"

"ஒன்பதாவதுலேர்ந்து. எட்டாவது கண் பட்டுத்தானே போச்சு."

"எட்டாவதை நீங்க கீழ போட்டீங்க" என்றாள் ஸுஹைர். காபி கொண்டு வந்திருந்தாள்.

புகையில் இருக்கும் பிசின் அந்தத் தாளில் படிகிறது, கடல் ஈரம் அதன் மேல் உட்காருகிறது, மின்சாரம் அந்தப் பிசின் வழியாகக் கசிகிறது, அதுதான் பொரியல் என்று சொன்னேன். அவர் விரல் மடக்கினார். ஒன்பது, பத்து, பதினொன்று. ஒவ்வொரு மைக்கும் மூன்று மாதத்தில் பொரிய ஆரம்பித்தது. பொரிந்ததும் திருஷ்டி என்று சாம்பிராணியைக் கூட்டினார். கூட்டியதும் இன்னும் பொரிந்தது. செத்ததும் அடுத்ததை வாங்கி, இந்தத் தடவை விடக்கூடாது என்று முதல் நாளிலிருந்தே புகை போட்டார். எட்டு மைக்குகளைத் தன் கையால், காசு கொடுத்து ஆள் வைத்து, மூச்சுத் திணறடித்துக் கொன்றிருக்கிறார்.

தலையைக் குனிந்து மைக்கை மறுபடி முகர்ந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

"அப்போ அதிய்யாவை எவனோ அனுப்பியிருக்கான்" என்றார்.

ஸுஹைர் காபியை அவருக்குக் கொடுக்காமல் தானே குடித்தாள்.

அந்தத் தாளைத் தொடாதீர்கள், அதைத் துடைக்க ஆளும் கருவியும் தனி என்று இரண்டு முறை சொல்லிவிட்டு நான் கீழே இறங்கினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எலுமிச்சைக் கொலோனைப் பஞ்சில் நனைத்துத் தாளைத் துடைத்திருக்கிறார். பழுப்பு போனது. தாளும் போனது. மைக் கமகமவென்று முடிவெட்டும் கடை மாதிரி மணத்தது.

பத்ரியா அப்போதுதான் நாலாவது முறையாக மேலே வந்தாள். கிழிந்த தாளைப் பார்த்தாள்.

"நாளை மறுநாள் என் கழுத்தை அறுக்கப் போறாங்க. நீ இங்க மைக்குக்குக் குளிப்பாட்டிச் சவச்சடங்கு பண்ணிக்கிட்டு இருக்க."

"அப்லா, ஞாயிற்றுக்கிழமை அத்தாரீன்ல பதினேழாவது—"

"ஞாயிற்றுக்கிழமை நான் பேசுவேனான்னே தெரியாது."

கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குப் பழக்கம். மெதுவாகச் சொன்னாள், குரலைச் செலவழிக்க இனி மனமில்லாத மாதிரி. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நாலாவது மாடியில் ஸுஹைர் வழிமறித்து, "உள்ள வாங்க அப்லா, ஒரு வாய் தண்ணி குடிங்க" என்று தன் விருந்தினர் அறையைத் திறந்துவிட்டாள்.

அது சாதாரண விஷயமல்ல. எங்கள் வீடுகளில் விருந்தினர் அறை பூட்டியே கிடக்கும். பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் துக்கம் கேட்க வருகிறவர்களுக்கும் திறக்கும். ஸுஹைர் அந்த அறையில் முலாம் பூசிய நாற்காலிகள் போட்டிருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு கர்ப்பிணிக் கழுதை அளவுக்கு மெத்தென்று இருக்கும். கம்பளத்தின் மேல் கம்பளம். வெல்வெட் திரை இரண்டு அடுக்கு. சுவரில் தொங்குகிற விரிப்புகள். எண்ண முடியாத தலையணைகள். ஃபிக்ரி ஒரு முறை சூட்டுக்கோலோடு உள்ளே வந்து நாற்காலியின் கையைப் பொசுக்கினார். அதிலிருந்து பதினோரு வருடமாக அவருக்கு அங்கே அனுமதி இல்லை.

பத்ரியா உட்கார்ந்து, "கழுதை" என்று பொதுவாகச் சொன்னாள். அந்தச் சொல் வாயிலிருந்து வந்து அப்படியே நின்றது. எங்கும் மோதவில்லை, திரும்பவில்லை. கை தட்டிப் பார்த்தேன். தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே முடிந்தது.

"யாருக்குக் கை தட்டுற?" என்றாள் ஸுஹைர்.

"உங்க நாற்காலிக்கு. இங்க பாடலாம்."

ஒரு மாடிக்குக் கீழே, தன் வீட்டுக்குள்ளேயே, கல்யாணச் சீதனமாக வந்த அறையில் ஃபிக்ரி தேடியது கிடந்திருக்கிறது. பதினெட்டு வருடமாக அவர் கோழிக்கடைக் குப்பையை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஸுஹைர் மூன்று நிபந்தனை போட்டாள். செருப்பு வாசலில். சாவி தன் இடுப்பில். ஃபிக்ரி நடைக்கு இப்பால் வரக்கூடாது.

"என் லேப்டாப், என் பெட்டி, நான் இல்லாமலா?" என்றார் ஃபிக்ரி.

"மாய்சா போதும். பாட்டு பொம்பளைங்க பாட்டு."

"என்னை ஆம்பளைன்னு யாரும் கணக்குல எடுக்கலையே."

"இப்போ எடுத்துட்டோம். வெளிய நில்லுங்க."

அன்று மாலை என் மைக்கின் வலையைக் கழற்றினேன். உள்ளே இருந்த பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசிப் பிழிந்து, வெயிலில் காயவைத்தேன். கறுப்பாக ஓடிய தண்ணீரைப் பார்க்கிற துணிச்சல் உள்ளவர்கள் பிறகு மைக்கை உதட்டில் ஒட்டிப் பாட மாட்டார்கள். ஒயர் முனைகளில் பச்சை பூத்திருந்தது, ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தேன். இவ்வளவுதான் பராமரிப்பு. இதற்கு வீடியோ பார்க்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, மீனும் சோறும் சாப்பிட்டுத் தெரு முழுவதும் மல்லாந்து கிடக்கும் நேரம். அதற்கும் மாலை பாங்குக்கும் நடுவில் எங்களுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டேன். ஈ இரைச்சல் நின்றது. பதினெட்டு வருடமாக ஆட்கள் கையில் ஒயரைக் கொடுத்தவருக்கு இது தோன்றவில்லை, அவர் ரத்தத்தில் மின்சாரம் ஓடுகிறது. ஸுஹைர் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறைப் பானைக்குள் வைத்தாள். ஃப்ரிட்ஜை நிறுத்தினாள். "இறைச்சி கெட்டா உங்க ரெண்டு பேருக்கும்தான் சமைச்சுப் போடுவேன்" என்றாள்.

பத்ரியா திரைக்கு முன்னால் நின்று பாடினாள். தர்புகா மேல் ஒரு துண்டு போட்டிருந்தோம். முதல் பாட்டில் மூன்றாவது வரியில் மாமியாரின் தோற்றம் வருகிறது. ஸுஹைர் மூலையில் முக்காட்டு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு குலுங்கினாள். நான் அவளைப் பார்க்காமல் லேப்டாப் திரையைப் பார்த்தேன்.

இரண்டாம் பாட்டில் பத்ரியா நடுவில் சட்டென்று வாயை மூடினாள். கை மட்டும் நாலு தட்டு தட்டியது. பிறகு பாட்டு தொடர்ந்தது. வரி மறந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்தின?"

"ஒரு இடத்துல விட்டுட்டீங்க அப்லா."

"விட்டுடல. அது மாப்பிள்ளை பேரு வர்ற இடம். நேர்ல நான் போடுவேன். இதுல யாரு பேரைப் போடுறது? காலியா விட்டா அங்க இருக்கிறவளுங்க கத்துவாளுங்க. கத்தினா அவளுங்களே பாடின மாதிரி இருக்கும், ஸ்பீக்கர்னு ஞாபகம் வராது. போடு, போடு, பேசிக்கிட்டு இருக்காத."

அதற்குப் பிறகு வந்த பாட்டுகளிலும் அந்தந்த இடத்தில் நாலு தட்டு காலி. ஒன்பதாவது பாட்டில் உச்சத்துக்குப் போகும்போது கழுத்தில் கையை வைத்துக்கொண்டாள். அதைத் திரும்பப் பாடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே திரும்பப் பாடினாள். நடையிலிருந்து ஃபிக்ரி கதவைத் தட்டி, "சத்த அளவு சிவப்புல ஏறுதா?" என்று கேட்டதால் பத்தாவதையும் இரண்டு முறை பாட வேண்டி வந்தது.

முடிந்ததும் லேப்டாப்பை நடைக்குக் கொண்டுவந்தோம். ஃபிக்ரி ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டு கேட்டார். முதல் பாட்டில் அவர் காது சிவந்தது. இரண்டாவதில் நிமிர்ந்து பார்த்தார்.

"குரல் நல்லா விழுந்திருக்கு. மைக் மட்டம், ஆனா பரவாயில்ல. இந்த நாலு தட்டு காலியா இருக்கே, அதுல கிளாரினெட் போட்டு நிரப்பிடறேன்."

"எத்தனை மாப்பிள்ளைக்குக் கிளாரினெட்னு பேரு வச்சிருக்காங்க?" என்றாள் பத்ரியா.

"இல்ல அப்லா, கேட்கிறவன் தப்புன்னு நினைப்பான். என் ஸ்டூடியோ பேரு கெட்டுடும். எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. கொஞ்சம் எதிரொலி, கொஞ்சம் மெருகு."

"எப்போ தருவ?"

"பதினேழாவது வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்து—"

பத்ரியா என் பக்கம் திரும்பினாள். "மாய்சா, எனக்குக் கார்டுல போட்டுக் குடு. ரெண்டு கார்டு. போட்டுட்டு இவன் பெட்டியில இருக்கிறதை அழி."

"அப்லா, ஒரு நகல் இருக்கட்டுமே. பதினெட்டு வருஷத்துல முதல் முறையா..." என்று ஃபிக்ரி ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் அதுவரை சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அந்த ஒரு கணம் அவருக்காக எனக்கு வருத்தமாக இருந்தது. உடனே அவர், "முதல் வரியில 'ஸ்டூடியோ ஃபிக்ரி'ன்னு என் குரல்ல ஒரு அறிவிப்பு சேர்த்தா எப்படி?" என்றார்.

அழித்தேன். பத்ரியா ஒரு கார்டை மாராப்புக்குள் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை ஸுஹைர் வாங்கி விருந்தினர் அறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

சனிக்கிழமை அறுவை நடந்தது. கட்டி நல்ல கட்டிதான் என்றார்கள். எட்டு நாள் பேசக்கூடாது என்றார்கள். குரல் இருக்கிறதா என்று கேட்டதற்கு, பேசும்போது தெரியும் என்றார்கள்.

ஒன்பதாம் நாள் காலை முழுவதும் பத்ரியா வாயைத் திறக்கவில்லை. அனுமதி வந்துவிட்டது, நாங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறோம், அவள் பாட்டுக்குத் தர்புகாவில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை என்று பேசிக்கொண்டிருந்தாள். தேநீர் வேண்டுமா? ஒரு தட்டு. சர்க்கரை? இரண்டு. ஏதாவது சொல்லிப் பாருங்களேன். தட்டே இல்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் வாங்கக் கூப்பிடும் வண்டிக்காரனை ஒரு சொல் திட்டாமல் போகவிட்டாள். அதிலிருந்தே அவள் பயந்திருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரிந்தது.

ஃபிக்ரி வந்தார். ஒரு கையில் கொய்யாச்சாறு, மறுகையில் அட்டைப் பெட்டி. பெட்டியைக் கட்டில் மேலேயே பிரித்தார். பஞ்சை முகர்ந்தார். மைக்கைத் தாங்கியில் மாட்டி அவள் முகத்துக்கு நேரே வைத்தார்.

"பதினேழாவது. சாம்பிராணி வாசமே காட்டல, சத்தியமா. அப்லா, அறுவைக்கு முன்ன உங்க குரல் எப்படி இருந்துச்சுன்னு தெரியும். பின்ன எப்படி இருக்குன்னு ஒரு சோதனை. ஒண்ணு, ரெண்டு, சொன்னா போதும்."

பத்ரியா அவரைப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள். மடியிலிருந்து தர்புகாவை எடுத்துக் கீழே வைத்தாள்.

"எழுந்து வெளிய போ, ஹந்தஸா."

கரகரப்பாக, தரையில் நாற்காலியை இழுத்த மாதிரி, பழைய குரலுக்குப் பாதி உயரத்தில் வந்தது. ஆனால் உடையவில்லை. ஆறு மாதம் போன பிறகும் உச்சம் திரும்பவில்லை, இனி திரும்பாது என்று இப்போது தெரியும். அன்று அந்த நாலு சொல்லே எங்களுக்குப் பெரிதாக இருந்தது. ஸுஹைர் முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபிக்ரி மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கீழ்ச்சுருதி அருமையா வந்திருக்கு" என்றார். "இதுக்கு இந்த மைக் சரிப்படாது. வேற பார்க்கணும்."

ஸுஹைர் எழுந்து கணவரையும் பெட்டியையும் தாங்கியையும் ஒன்றாக வாசலுக்குத் தள்ளினாள். பத்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுத்ததால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தாள். பிறகு மாராப்புக்குள் கையை விட்டுக் கார்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"ஸ்பீக்கருக்குச் சார்ஜ் போடு. வியாழக்கிழமை கோம் அல்-ஷுகாஃபால மருதாணி" என்றாள் அந்தப் புதுக் குரலில். "கப்பாரிக்காரிக்கு யாராவது போய்ச் சொல்லிட்டு வாங்க, நான் வரேன்னு."